பதினாலு பவுண்டு ரைஃபிள்: வாங்கலாமா, வேண்டாமா?

என் வயதுக்காரர்களுக்கு பி.எஸ்.ஏ. என்றால் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள். சீமையிலிருந்து வந்த அந்தப் பழைய வண்டிகளில் ஒரு முத்திரை இருக்கும்: மூன்று துப்பாக்கிகளை முக்காலி மாதிரி ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்தி வைத்த படம். சிப்பாய்கள் ஓய்வெடுக்கும்போது துப்பாக்கிகளை அப்படித்தான் நிறுத்துவார்கள். சைக்கிளுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நாளில் நாம் யாரும் கேட்டதில்லை. பி.எஸ்.ஏ. என்பதன் முழுப்பெயர் 'பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்'. அதாவது அது பிறப்பிலேயே துப்பாக்கிக் கம்பெனி. சைக்கிள் பிறகு வந்தது.

இந்தப் பழங்கதையை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. அந்தக் கம்பெனி செய்த ரைஃபிள் ஒன்று என்னிடம் விலைக்கு வந்திருக்கிறது. பி.எஸ்.ஏ. மார்ட்டினி இன்டர்நேஷனல், இரண்டாம் மார்க், கனத்த குழல் போட்டது. நீலகிரியில் தோட்டத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் 1960-களில் ஊர் திரும்பும்போது என் நண்பருக்கு விற்றுவிட்டுப் போனது. நண்பர் போன வருடம் காலமானார். சட்டப்படி அவர் குடும்பம் அதை வீட்டில் வைத்திருக்க முடியாது என்பதால் இப்போது லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, அவர் அதைக் குழந்தை மாதிரி துடைச்சு வச்சிருந்தார். தெரிஞ்சவங்க கையில போனா எனக்கு நிம்மதி" என்றார். கேட்ட விலை என் ஓய்வூதியத்தில் நாலு மாதக் காசு.

ஒரு மாதமாக யோசிக்கிறேன். யோசிக்க யோசிக்க, இந்தப் பொருள் எங்கிருந்து, எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வதுதான் சரி என்று பட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் 'மார்ட்டினி' என்ற பெயர். அமெரிக்காவில் பீபாடி என்பவர் 1862-ல் ஒரு ஏற்பாட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் இரும்புக் கட்டை, கீழே உள்ள நெம்புகோலை இறக்கினால் தானும் முன்பக்கம் தாழும். தோட்டாவைப் போட்டு நெம்புகோலை ஏற்றினால் வாய் மூடிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தில் இருந்த ஃபிரெடரிக் ஃபான் மார்ட்டினி என்ற பொறியாளர், வெளியே இருந்த சுத்தியலை எடுத்துவிட்டு, அடிக்கும் ஊசியை அந்தக் கட்டைக்கு உள்ளேயே வைத்துவிட்டார். எடின்பரோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஹென்றியின் குழலை அதோடு சேர்த்து, 1871-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதுதான் மார்ட்டினி-ஹென்றி. பி.எஸ்.ஏ. கம்பெனி அதற்குப் பத்து வருடம் முன்னால், 1861-ல், பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடி ஆரம்பித்தது. கையால் ராவிச் செய்வதை விட்டு இயந்திரத்தில் செய்ய வேண்டும் என்பது நோக்கம்.

இதில் நம் நாட்டுச் சங்கதி ஒன்று உண்டு. 1857-க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு ஒரு தலைமுறை பழைய துப்பாக்கியைத்தான் கொடுப்பது என்று ஆங்கிலேயர் வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய் கையில் மார்ட்டினி இருந்தபோது நம்மவர் கையில் அதற்கு முந்தைய ஸ்னைடர். அவர்கள் லீ-மெட்ஃபோர்டுக்குப் போன பிறகுதான் மார்ட்டினி நம்மவர் கைக்கு வந்தது. கொடுக்கிற ஆயுதத்திலேயே அவநம்பிக்கையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ராணுவத்தில் மார்ட்டினிக்கு வயதாகிவிட்டது. அதற்கு மறுவாழ்வு கொடுத்தது ஒரு தோல்வி. 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கியது. டிசம்பர் மாதம் ஒரே வாரத்தில் ஸ்டார்ம்பர்க், மாகர்ஸ்ஃபோன்டீன், கொலென்சோ என்று மூன்று இடங்களில் பிரிட்டிஷ் படை அடி வாங்கியது. 'கறுப்பு வாரம்' என்று அதற்குப் பெயர். எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகள். சிறு வயது முதல் துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள். கையில் 7 மி.மீ. மௌசர். தூரத்தில் மறைந்து உட்கார்ந்து குறி தப்பாமல் சுட்டார்கள். வரிசையாக நின்று சேர்ந்து சுடப் பழகிய சிப்பாய்க்கு, தனி ஆளைக் குறி பார்த்துச் சுடும் வித்தை போதவில்லை.

கொலென்சோவில் விழுந்தவர்களில் ஒருவர் லார்டு ராபர்ட்ஸின் ஒரே மகன். அந்த மகனைப் பறிகொடுத்த சில நாட்களிலேயே தென்னாப்பிரிக்கப் படைக்குத் தலைமை ஏற்கச் சொல்லி ராபர்ட்ஸைத்தான் அனுப்பினார்கள். இந்த ராபர்ட்ஸ் நமக்கு அந்நியர் அல்ல. 1881 முதல் 1885 வரை மதராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர். பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதி ஆனார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஊர் திரும்பிய பிறகு, இங்கிலாந்தில் சாதாரண ஜனங்கள் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1901-ல் தொழிலாளர் ரைஃபிள் கிளப்புகளின் சங்கம் என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். சில வருடங்களில் அது சிறு ரைஃபிள் கிளப்புகளின் சங்கமாக மாறியது. அந்த இயக்கத்துக்கு முகமாக முன்னால் நின்றவர் ராபர்ட்ஸ்தான்.

'சிறு ரைஃபிள்' என்றால் பாயிண்ட் 22. ராணுவத் தோட்டாவைச் சுட ஊருக்கு வெளியே பெரிய மைதானமும் மண்மேடும் வேண்டும். ஆலையில் வேலை முடிந்து ஆறு மணிக்கு வெளியே வருகிற தொழிலாளிக்கு அது எட்டாது. பாயிண்ட் 22 தோட்டா சின்னது. ஈயக்குண்டு 40 கிரெய்ன், நம் கணக்கில் சுமார் இரண்டரை கிராம். விலை மலிவு, சத்தம் குறைவு. 25 கஜ நீளத்தில் ஒரு கூடம் இருந்தால் போதும், குளிர்காலத்தில் விளக்கு போட்டுச் சுடலாம். மாதாகோயில் கூடம், ஆலைக் கிட்டங்கி, சாராயக்கடைப் பின்கட்டு என்று கிடைத்த இடத்திலெல்லாம் கிளப் முளைத்தது. துப்பாக்கிக்கு என்ன செய்வது? ராணுவம் கழித்துப்போட்ட மார்ட்டினிகள் குவிந்து கிடந்தன. அவற்றுக்குப் பாயிண்ட் 22 குழலைப் பொருத்திக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்கள் என்பதால், கிளப் துப்பாக்கியை முறை போட்டுக்கொண்டு சுட்டார்கள். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவேன்.

பயத்தில் பிறந்த இந்த ஏற்பாடு சீக்கிரமே விளையாட்டாக மாறியது. 1908 லண்டன் ஒலிம்பிக்கிலேயே பாயிண்ட் 22 போட்டிகள் இருந்தன. 1909-ல் விஸ்கி வியாபாரி டெவர் ஒரு கோப்பை கொடுத்தார். பிரிட்டனும் அமெரிக்காவும் போட்டியிட்டன. ஆனால் யாரும் கப்பல் ஏறவில்லை. அவரவர் ஊரில் சுட்டு, ஓட்டை விழுந்த அட்டைகளைக் கூட்டிப் பார்த்து வெற்றி தோல்வி சொன்னார்கள். தபாலில் சதுரங்கம் ஆடிய நம் வாத்தியார்கள் சிலரை எனக்கு அது ஞாபகப்படுத்துகிறது.

விளையாட்டு என்று ஆனதும் துப்பாக்கியின் தேவை மாறியது. சிப்பாயின் துப்பாக்கி இலேசாக இருக்க வேண்டும். அவன் அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும். இலக்குக்குச் சுடுகிறவர் எங்கும் நடப்பதில்லை. பாயில் குப்புறப் படுத்து, இடது கையில் வாரைச் சுற்றிக்கொண்டு, ஒரே இடத்தில் கிடக்கிறார். அவருக்கு வேண்டியது அசையாமை. அதனால் குழல் தடித்துக்கொண்டே போனது. போருக்கு முந்திய பி.எஸ்.ஏ. 12, பிறகு 15, அதன் பிறகு 12/15 என்று வந்த வரிசையில் ஒவ்வொன்றிலும் இதைப் பார்க்கலாம்.

குழல் கனத்தால் என்ன லாபம் என்று இளைஞர்கள் கேட்பார்கள். மூன்று லாபம். முதலாவது, முன்பக்கம் பாரமாக இருந்தால் நம் மூச்சும் நாடித்துடிப்பும் அதை அவ்வளவு சுலபமாக ஆட்ட முடியாது. நாடி துடிப்பது வார் வழியாகக் குறியில் தெரியும் என்பது சுட்டவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, தோட்டா வெடிக்கும்போது குழல் ஒரு கம்பி போல அதிர்கிறது. தடித்த கம்பி குறைவாக அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிரும். மூன்றாவது, பாயிண்ட் 22 குண்டு வேகம் குறைந்தது. போட்டித் தோட்டா ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே, நொடிக்குச் சுமார் 320 மீட்டர். அது குழலைத் தாண்டி வெளியே வரும்வரை நாம் அசையக்கூடாது. பாரம் நம்மை அசையவிடாது. இன்றைய சர்வதேச அட்டையில் 50 மீட்டர் தூரத்தில் நடுவில் உள்ள பத்தாம் வட்டத்தின் குறுக்களவு 10.4 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவுதான். அதில் அறுபது தடவை போட வேண்டும்.

மார்ட்டினி ஏற்பாடும் இதற்குத் தோதாக அமைந்தது. விசையை அழுத்தியதும் ஊசி ஓடவேண்டிய தூரம் மிகக் குறைவு. நினைத்த கணத்தில் வெடிக்கும். போல்ட்டைத் தூக்கி இழுக்கிற வேலை இல்லை. படுத்த நிலை கலையாமல், விரல்களால் நெம்புகோலை இறக்கி அடுத்த தோட்டாவைப் போடலாம்.

நடுவில் இரண்டாம் உலக யுத்தம். 1940 நவம்பர் 19 இரவு ஜெர்மன் விமானங்கள் பர்மிங்ஹாமில் ஸ்மால் ஹீத் ஆலையின் மேல் குண்டு போட்டன. இரவு வேலையில் இருந்த 53 தொழிலாளிகள் இறந்தார்கள். யுத்தம் முடிந்து, அதே கம்பெனி 1950-ல் 'இன்டர்நேஷனல்' என்ற பெயரில் புது மார்ட்டினியை வெளியிட்டது. 1953-ல் இரண்டாம் மார்க், 1959-ல் மூன்றாம் மார்க். கனத்த குழல் போட்டது சுமார் 14 பவுண்டு, அதாவது ஆறு கிலோவுக்கு மேல். என்.சி.சி.யில் நாம் பிடித்த பாயிண்ட் 22 ரைஃபிளைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

ஆனால் அதன் ராஜாங்கம் நீடிக்கவில்லை. ஜெர்மனியில் யுத்தத்தில் ஆலையைப் பறிகொடுத்து, உல்ம் நகரில் மறுபடி கடை விரித்த அன்ஷூட்ஸ் குடும்பம் 1954-ல் ஒரு போல்ட் ரைஃபிளைக் கொண்டுவந்தது. கொஞ்ச காலத்தில் உலகம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. பி.எஸ்.ஏ.யோ மோட்டார் சைக்கிள் வியாபாரத்தில் அடி வாங்கி 1970-களின் தொடக்கத்தில் சரிந்தது. கடைசியில் படுத்துச் சுடும் 50 மீட்டர் ஆடவர் போட்டியையே 2016-க்குப் பிறகு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். எந்தப் போட்டிக்காக இந்தத் துப்பாக்கியைச் செய்தார்களோ அதுவே இப்போது அங்கே இல்லை. ஆனாலும் பாயிண்ட் 22 சுடுதல் செத்துவிடவில்லை. 2024 பாரிஸில் நம் ஸ்வப்னில் குசாலே மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். மூன்றில் ஒரு நிலை படுத்துச் சுடுவதுதான்.

நம் நாட்டில் தேசிய ரைஃபிள் சங்கம் 1951-ல் தொடங்கியது. முதல் தலைவர் மக்களவைச் சபாநாயகர் மாவ்லங்கர். ஆக இன்டர்நேஷனலும் நம் சங்கமும் ஏறக்குறைய ஒரே வயது. பின்னாளில், 1980-களில், பொதுஜனங்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வதை அரசு நிறுத்தியது. போட்டிகளில் தேறிய சுடுநர்களுக்கு மட்டும் வழி விட்டார்கள். அதனால் முன்னமே நாட்டுக்குள் வந்துவிட்ட பழைய துப்பாக்கிகளுக்கு இங்கே ஒரு தனி மதிப்பு. ஒன்று போனால் போனதுதான்.

இனி வாங்குகிற விஷயம். பழைய வீடு வாங்கும்போது சுண்ணாம்பைப் பார்க்கக்கூடாது, அஸ்திவாரத்தைப் பார்க்க வேண்டும் என்பார்கள். துப்பாக்கியில் கட்டையின் பளபளப்பு சுண்ணாம்பு; குழலின் உட்புறம் அஸ்திவாரம். அந்தக் காலத்துப் பாயிண்ட் 22 தோட்டாக்களின் வெடிமருந்துப் பொட்டில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்த பிறகு அது உப்பாகக் குழலில் தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, அம்மைத் தழும்பு மாதிரி குழி போடும். 1920-களின் பிற்பகுதியிலிருந்து துரு பிடிக்க வைக்காத பொட்டு வர ஆரம்பித்தது. ஆகவே 1950-களில் பிறந்த இந்தத் துப்பாக்கிக்கு அந்தக் கண்டம் குறைவு. ஆனால் நம் ஊர் கடற்கரை ஊர். மழைக்காலத்தில் பூட்டிய பீரோவுக்குள்ளேயே பூட்டு துருப்பிடிக்கிறது.

நான் பார்க்கப்போவது இவை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு, பின்வாய்க் கட்டையைக் கழற்றி, வெள்ளைத்தாளை அங்கே வைத்து வெளிச்சம் காட்டி, முன்வாய் வழியாகப் பார்க்க வேண்டும். சுருள் பள்ளங்களின் ஓரம் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் எங்கேனும் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால், எப்போதோ குண்டு ஒன்று சிக்கி, அதன் பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டுக் குழல் புடைத்துவிட்டது என்று அர்த்தம். அது வேண்டாம். முன்வாயின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், சுத்தம் செய்யும் கம்பியை முன்னாலிருந்தே விட்டு விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். மெல்லிய ஈயக்குண்டு ஒன்றைக் கம்பியால் மெதுவாகத் தள்ளினால், பிடிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கைப்பிடிக்குப் பின்னால் கட்டை மெலியும் இடத்தில் விரிசல் இருக்கிறதா, குழலில் பர்மிங்ஹாம் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கிறதா, எண்கள் லைசென்ஸில் உள்ளபடி ஒத்துப்போகின்றனவா என்பதும் பார்க்க வேண்டும். அந்தச் சோதனைச் சாலை 1813 முதல் இருக்கிறது; அதன் முத்திரை இல்லாமல் அங்கே துப்பாக்கி விற்பனைக்குப் போகாது.

நண்பர் துடைத்து வைத்த அழகைப் பார்த்தவன் நான். குழல் நன்றாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் கேள்வி குழலோடு முடிவதில்லை.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அங்கீகாரம் பெற்ற கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்கு வைத்திருக்கும் பாயிண்ட் 22-க்கு அந்த வரம்பில் விலக்கு உண்டு. ஆகவே சட்டம் என்னைத் தடுக்கவில்லை. கலெக்டர் ஆபீஸ் நடை, போலீஸ் விசாரணை, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்குவது எல்லாம் பழகிய வேலைதான். என்னைத் தடுப்பது வேறு. எனக்கு எழுபத்து நாலு வயது. படுத்துச் சுடும்போது 14 பவுண்டை முழங்கை தாங்கும். ஆனால் அதை அறையிலிருந்து மேடைக்குக் கொண்டுபோக இன்னும் எத்தனை வருடம் என்னால் முடியும்? பிள்ளைகள் இருவரும் வெளியூரில், இருவருக்கும் இதில் நாட்டம் இல்லை. லைசென்ஸ் சொத்து மாதிரி தானாக வாரிசுக்குப் போகாது. எனக்குப் பிறகு என் மனைவி, இன்று நண்பரின் மனைவி நிற்கிற அதே இடத்தில், அதே துப்பாக்கியோடு நிற்க வேண்டும். உரிய காலத்தில் ஏற்பாடு செய்யாவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளும். இந்தச் சுமையை அவள் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. நண்பரின் மனைவிக்குப் பணமும் தேவை, நிம்மதியும் தேவை. நான் கைவிட்டால் யாராவது வாங்கிச் சுவரில் மாட்டுவார்கள். சுடாத இலக்குத் துப்பாக்கி, வாசிக்காத வீணை மாதிரி.

இந்த இடத்தில்தான் மேலே சொன்ன தொழிலாளர் கிளப் எனக்குக் கை கொடுத்தது. இந்தத் துப்பாக்கியின் முன்னோர்கள் தனி மனிதனின் பீரோவில் இருந்தவை அல்ல. பத்துப் பேர் முறை போட்டுக்கொண்டு சுட்டவை. ஆள் மாறினாலும் துப்பாக்கி கிளப்பிலேயே இருந்தது. அப்படியானால் இதை வாங்க வேண்டியவன் நான் அல்ல, எங்கள் கிளப். கிளப்புக்குச் சொந்தமாக லைசென்ஸ் இருக்கிறது, பாதுகாப்பு அறை இருக்கிறது, பயிற்சியாளர் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். போட்டிக்கு அவர்களுக்குப் புது ரைஃபிள் வேண்டும். ஆனால் அசையாமல் இருப்பது என்றால் என்ன என்று கற்க, இந்தக் கனத்தைவிட நல்ல வாத்தியார் கிடைக்காது.

செயலாளரிடம் பேசினேன். பாதி விலையை நான் நன்கொடையாகத் தருகிறேன், மீதியைக் கிளப் போடட்டும் என்றேன். நண்பரின் மனைவி கேட்ட தொகையில் பேரம் பேசக்கூடாது என்றும் சொன்னேன். கமிட்டி சம்மதித்துவிட்டது. சனிக்கிழமை ஆயுதத் தொழில் தெரிந்த ஒருவர் வந்து குழலைப் பார்க்கிறார். குழல் சுத்தம் என்றால் மனு அன்றைக்கே போகும். நண்பரின் மனைவியிடம் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பசங்க சுடுவாங்களா?" என்று மட்டும் கேட்டார். சுடுவார்கள் என்றேன்.

எனக்காக ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். வந்ததும் முதல் பத்துத் தோட்டா நான் சுடுவேன். அட்டையில் ஓட்டைகள் எங்கே விழுந்தன என்பதை இங்கே எழுதுவேனா என்பது, அவை எங்கே விழுகின்றன என்பதைப் பொறுத்தது.